செய்முறை வேறு, ஈடு வேறு

வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கென்றே தனியாகக் கணினி மென்பொருள்கள் இருக்கின்றன என்று சொன்னால், ஊரிலுள்ள என் வயதொத்தவர்கள் முதலிற் சிரிப்பார்கள். அடுத்து, மதுவரித் திணைக்களத்துக்கு இது தெரியுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. நம் நாட்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி உரிமம் இன்றி மது உற்பத்தி செய்வது குற்றம். வீட்டில் காய்ச்சுவது என்றதும் நமக்குக் கசிப்பும், பற்றைக்குள் புதைத்த பீப்பாவும், மறுநாட் பத்திரிகையின் பொலிஸ் செய்தியுமே நினைவுக்கு வருகின்றன. அத்தகைய செய்திகளை நானே எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

மேற்கு நாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் 1963இல் நிதியமைச்சராக இருந்த றெஜினோல்ட் மோட்லிங் தமது வரவு செலவுத் திட்டத்தில் வீட்டுப் பியருக்கு உரிமம் பெற வேண்டும் என்ற விதியை நீக்கினார். அமெரிக்காவில் 1978 ஒக்ரோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், வயது வந்தவர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 200 கலன் வரை வரியில்லாமல் காய்ச்ச இடங்கொடுத்தது. அங்கும் எல்லா மாநிலங்களும் உடனே இசைந்துவிடவில்லை. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. கனடாவிலும் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சுவதற்குத் தடையில்லை. இது ஆவியாக்கி வடிக்கும் சாராயம் அன்று. கள்ளைப் போல நொதிக்க விட்டு எடுப்பது. அந்த வேறுபாட்டை முதலிற் சொல்லிவிட்டால் மேலே பேச வசதியாக இருக்கும்.

கள்ளுக்கு ஏன் மென்பொருள் வேண்டியதில்லை, பியருக்கு ஏன் வேண்டியிருக்கிறது? பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால் போதும். இனிப்பும் நீரும் மரம் தருகிறது, மதுவம் காற்றிலும் முட்டியிலும் இருக்கிறது. சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிட்டாற் கள்ளு. காலையில் இறக்கியதை மாலைக்குள் குடித்துத் தீர்த்துவிடுவார்கள். பியரோ தானியத்தில் இருந்து வருவது. தானியத்தில் இருப்பது மா. மதுவம் மாவை உண்ணாது. பார்லியை முளைக்க விட்டு உலர்த்தினால் அது மோல்ற். மோல்ற்றை உடைத்து ஏறத்தாழ 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளைக்குள் இருக்கும் நொதியங்கள் மாவைச் சீனியாக உடைக்கின்றன. வெப்பம் 64, 65 பாகையில் நின்றால் மதுவம் முழுவதும் உண்ணக்கூடிய சீனி மிகுதியாக வரும். பியர் மெலிதாகவும் காய்ந்த சுவையுடனும் இருக்கும். 68, 69க்கு ஏறினால் மதுவத்தால் உண்ண முடியாத பெரிய சீனிகள் மிஞ்சும். பியர் தடிப்பாக நாவில் நிற்கும். பிறகு அந்தச் சாற்றை ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆற்றி, மதுவம் இட்டு, ஒன்றிரண்டு வாரம் நொதிக்க விட வேண்டும்.

இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு ஒன்று. ஒரு கிலோ மோல்ற்றுக்கு 3 லீற்றர் நீர் என்று வைத்துக்கொள்வோம். கலவை 67 பாகையில் நிற்க வேண்டும். தானியம் 20 பாகையில் இருந்தால், ஊற்றும் நீர் ஏறத்தாழ 73.4 பாகையில் இருக்க வேண்டும். அதே தானியம் குளிர்காலத்தில் வாகனக் கொட்டகையில் கிடந்து 5 பாகைக்கு இறங்கியிருந்தால், நீர் 75.5 பாகை வேண்டும். அதைக் கவனியாமல் 73.4 பாகை நீரையே ஊற்றினாற் கலவை 65 பாகையிற் போய் நிற்கும். இரண்டு பாகைதானே என்று நமக்குத் தோன்றும். மேலே சொன்ன நொதியங்களுக்கு அது அற்பம் அன்று. (இந்த 65ஐ வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்; பின்னால் இதற்கு ஒரு கதை இருக்கிறது.)

இவ்வாறே சாற்றின் தன்னீர்ப்பை நீரமானியால் அளப்பார்கள். நொதிக்குமுன் 1.050, நொதித்தபின் 1.010 என்றால், வித்தியாசத்தை 131.25ஆற் பெருக்க 5.25 வருகிறது, அதுவே மதுசாரத்தின் சதவீதம். 20 பாகைக்கு அளவிடப்பட்ட நீரமானியை 40 பாகைச் சாற்றில் இட்டால் 1.044 என்று குறைத்துக் காட்டும்; உண்மையில் அது 1.050. கசப்புக்கு இன்னொரு கணக்கு. 28 கிராம் ஹொப்ஸை 20 லீற்றர் சாற்றில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால், அதன் அல்பா அமிலம் 5 சதவீதமாக இருக்கையில் கசப்பு 16 அலகு. மறு ஆண்டு அறுவடையில் அது 7 சதவீதமாக வந்திருந்தால், அதே 28 கிராமுக்குக் கசப்பு 23ஐ எட்டும். பொதி உறையிலுள்ள இலக்கத்தைப் பார்க்காமல் கைக்கணக்கில் இட்டவன் பழைய சுவை எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பான்.

கொப்பியும் பென்சிலும் கொண்டு செய்துவந்த இந்தக் கணக்குகளைக் கணினி ஏற்றுக்கொண்டது தொண்ணூறுகளில். பிறாட் சிமித் என்பவரின் பியர்சிமித் 2003இல் வெளிவந்து பலரது வீடுகளுக்குள் நுழைந்தது. காசு கொடுக்க விரும்பாதவர்களுக்குத் திறந்த மூலமான பிறியூதார்கெற் வந்தது. பின்னாளில் உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்கும் பிறியூபாதர் போன்றவை வந்தன. நொதிக்கும் பாத்திரத்துக்குள் மிதந்துகொண்டே தன்னீர்ப்பையும் வெப்பத்தையும் தொலைபேசிக்கு அனுப்பும் சிறு கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. மூடியைத் திறக்காமலே உள்ளே நடப்பதை வரைபாகப் பார்க்கலாம்.

கணக்குத்தான் இவற்றின் பெருமை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. கணினி தசமப் புள்ளிக்குப்பின் ஓர் இலக்கத்தையும் சேர்த்துக் காட்டிவிட்டால், அதை வேதவாக்காகக் கொள்ளும் பழக்கம் நமக்கு இருக்கிறது. மேலே 16 அலகு கசப்பு என்றேனே, அது கிளென் ரின்செத் என்பவரின் சூத்திரத்தின்படி. அதே மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஜக்கி றேகரின் சூத்திரத்தைத் தெரிவு செய்தால், அதே 28 கிராம், அதே பானை, 21 அலகுக்கு மேற் காட்டும். பானைக்குள் இருப்பது மாறவில்லை. திரையிலுள்ள இலக்கம் மட்டும் மாறுகிறது. இரண்டுமே மதிப்பீடுகள். ஒருவர் ஏதாவது ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே தொடர்ந்து பாவித்து, அந்த இலக்கம் தம் நாவில் என்ன கசப்பாகத் தெரிகிறது என்பதைத் தாமே பழகிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு வேண்டியது குறிப்பேடு. இந்த மென்பொருள்களின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

நல்ல மென்பொருள் எதுவாயினும் இரண்டு பொருள்களைப் பிரித்து வைக்கும். ஒன்று செய்முறை. மற்றையதைத் தமிழில் ஈடு என்று சொல்வது பொருத்தம். ஓர் ஈடு இட்டலி, இரண்டாம் ஈடு இட்டலி என்கிறோமே, அந்த ஈடு. செய்முறை என்பது காய்ச்சுபவர் செய்ய நினைப்பது. ஈடு என்பது குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு பானையில், உள்ளபடி நடந்தது. பிறியூபாதரில் ஒரு செய்முறையில் இருந்து ஈடு ஒன்றைத் தொடங்கினால், அச்செய்முறையின் ஒரு பிரதி அந்த ஈட்டோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு ஹொப்ஸ் கிடைக்காமல் வேறொன்றை இட்டால் அந்தப் பிரதி மட்டும் மாறும். மூலம் அப்படியே இருக்கும். திட்டம், காய்ச்சல், நொதித்தல், பதமாதல், முடிவு என்று ஒவ்வோர் ஈடும் தன் பருவங்களைக் கடந்து போகும். அளந்த தன்னீர்ப்பு, ஊறிய வெப்பம், மதுவம் இட்ட நாள், போத்தலில் அடைத்த நாள், சுவை என எல்லாம் அங்கே பதிவாகும்.

பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாலையில் ஆசிரிய பீடத்தில் நாளைய முதற்பக்கத்துக்கு டம்மி போடுவார்கள். இன்ன செய்தி எட்டுப் பத்தித் தலைப்பு, இன்ன படம் வலப்பக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். நள்ளிரவுக்குப் பின் இயந்திரத்தில் இருந்து வரும் பத்திரிகை அந்த டம்மியைப் போல இருந்த நாள்கள் குறைவு. ஒருவர் இறந்திருப்பார், மின்சாரம் தடைப்பட்டிருக்கும், தணிக்கை அதிகாரி ஒரு பந்தியை வெட்டியிருப்பார். சரித்திரம் எழுத வருகிறவன் தேடுவது டம்மியை அல்ல, அச்சான பத்திரிகையை.

பியரின் சரித்திரமும் அவ்வாறே எழுதப்படுகிறது. இலண்டனின் பழைய பெரிய மதுவாலைகளான விற்பிறெட், பார்க்கிளே பேர்க்கின்ஸ், துறூமன் ஆகியவற்றின் காய்ச்சற் பதிவேடுகள் இலண்டன் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஓர் இலக்கம், எத்தனை குவாட்டர் மோல்ற், எத்தனை இறாத்தல் ஹொப்ஸ், எந்த வெப்பத்தில் ஊறியது, எந்த நாளில் எவ்வளவு இறங்கியது என்று பத்தி பத்தியாக எழுதிய பெரும் புத்தகங்கள். றொன் பற்றின்சன் என்ற ஆய்வாளர் இவற்றை ஆண்டுக்கணக்காகப் புரட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போட்டர் உண்மையில் எப்படி இருந்தது என்பதை எடுத்துக் காட்டினார். அதுவரை நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதைகள் பல அந்தப் பதிவேடுகளின் முன் நிற்கவில்லை. அப்பதிவேடுகளைக் கொண்டு வீட்டில் காய்ச்சுவோருக்கென 2014இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

ஓர் இடைச்செருகல். புள்ளிவிபரவியல் படித்தவர்கள் 'ஸ்ரூடன்ற்' சோதனை என்ற ஒன்றை அறிந்திருப்பார்கள். அந்த ஸ்ரூடன்ற் மாணவர் அல்லர். டப்ளின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கொசெற். சில மாதிரிகளே கையில் இருக்கும்போது அவற்றை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அவருக்குத் தொழிலில் எழுந்தது. விடையை 1908இல் புனைபெயரில் வெளியிட்டார். வீட்டில் காய்ச்சுபவனின் பிரச்சினையும் அதுவே. அவன் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ தடவை ஒரு பியரைக் காய்ச்சுகிறான். பத்து ஈடுகள் சேரப் பல ஆண்டுகள் செல்லும். அந்தப் பத்தில் ஒன்றின் குறிப்புத் தவறிப் போனாலும் இழப்புப் பெரிது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கொழும்பில் என்னோடு ஒரே பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த நண்பர் ஒருவர், 1983 ஜூலைக்குப் பின்னர் நாட்டை விட்டுப் போனவர்களில் ஒருவராகி, ஈற்றில் ரொறன்ரோவில் குடியேறினார். குடிப்பதில் அளவோடு நின்றவர். ஆனால் கொழும்பு நாள்களில், சம்பளத்தன்று ஒரு லயன் ஸ்ரவுட் என்பது அவருக்கு விரதம் போல. நுவரெலியாவில் 1881இல் தொடங்கிய மதுவாலையின் மரபில் வந்த அந்தக் கறுப்புப் பியரின் நினைவில், தாமே ஒரு கறுப்புப் பியர் காய்ச்ச வேண்டும் என்ற எண்ணம் கனடாவில் அவருக்கு வந்தது. லயனின் வலிமையை அவர் நாடவில்லை. அதன் கருகல் வாசத்தையும் அடியில் நிற்கும் இனிமையையுமே நாடினார். 2004இல் ஒரு மென்பொருளை வாங்கினார். அது இப்போது விற்பனையில் இல்லை. பெயர் இங்கே அவசியமும் இல்லை. பன்னிரண்டு குளிர்காலங்களில் அந்தக் கறுப்புப் பியரை 23 தடவை காய்ச்சியிருக்கிறார்.

அவர் 2017இற் காலமானார். எட்டுச் செலவுப் படையலில், அவருக்குப் பிடித்த மீன்குழம்போடும் சுருட்டோடும் அவர் கடைசியாகக் காய்ச்சிய ஈட்டில் இரண்டு போத்தல்களை வைத்தார்கள். மற்றவை குடும்பத்தில் மெல்ல மெல்லத் தீர்ந்தன. ஆறு போத்தல் மிஞ்சியபோது மகன் விழித்துக்கொண்டான். அப்பாவின் பழைய கணினியைத் திறந்து, அந்தச் செய்முறையைப் பியர் எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே எடுத்து, தன் புதிய மென்பொருளில் ஏற்றினான்.

பியர் எக்ஸ்எம்எல் என்பது வெவ்வேறு மென்பொருள்கள் தம்முள் செய்முறைகளைப் பரிமாறிக்கொள்வதற்காக ஏற்படுத்திய பொது வடிவம். எந்த நாட்டவர் எந்த அலகில் எழுதினாலும் கோப்பினுள் நிறை கிலோகிராமிலும் கனவளவு லீற்றரிலும் வெப்பம் செல்சியஸிலும் இருக்கும். மோல்ற், ஹொப்ஸ், மதுவம், நீர், ஊறவைக்கும் படிகள் எனத் தனித்தனி இடங்கள் உண்டு. பெரும் உபகாரமான ஏற்பாடு அது. ஒரு நிறுவனம் கடையைப் பூட்டிவிட்டுப் போனாலும் செய்முறை தப்பிப் பிழைக்கும். ஆனால் அது செய்முறைக்காக வகுத்த வடிவம். ஒரே செய்முறையை 23 நாள்களில் காய்ச்சியபோது நடந்த 23 வரலாறுகளுக்கு அதில் இடமில்லை. அந்த வரலாறுகள் பழைய கணினிக்குள்ளேயே இருந்தன. அந்தக் கணினியோ, பழைய மின்பொருள்களைச் சேகரிக்கும் இடத்துக்குக் கொடுப்பதற்கென்று கொட்டகை வாசலில் வைக்கப்பட்டிருந்தது.

2018 ஒக்ரோபரில் நான் அங்கே போனபோது, மகன் தான் காய்ச்சியதில் ஒரு போத்தலையும், மிஞ்சிய அப்பாவின் போத்தல்களில் ஒன்றையும் மேசையில் வைத்தான்.

"அங்கிள், அப்பா போட்ட அளவுதான். ஒண்டும் மாத்தேல்லை. ஆனா இது அப்பாவின்ர இல்லை" என்றான்.

எனக்குப் பியர் பற்றிய ஞானம் அப்போது இருக்கவில்லை. இருந்தும் வேறுபாடு தெரிந்தது. மகனுடையது கனமாக, சற்றுத் திகட்டுவதாக இருந்தது. தகப்பனுடையது மெலிதாக இறங்கி, பின்னால் ஏதோ ஒரு பழகிய வாசத்தை விட்டுச் சென்றது. மகன் பொறியியல் படித்தவன். இலக்கங்களை ஒழுங்காக வைத்திருந்தான். இருவருடையதும் 1.056இல் தொடங்கின. அவனுடையது 1.016இல் நின்றுவிட்டது, தகப்பனுடையது எப்போதும் 1.013 வரை இறங்கியதாகப் போத்தல்களில் ஒட்டிய சிட்டைகள் காட்டின. கணக்குப் பார்த்தால் ஒன்று 5.25 சதவீதம், மற்றது 5.6. காரணம் அவனுக்குப் பிடிபடவில்லை. பழைய கணினியில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "அதில அப்பா என்னவோ எழுதி வச்சிருக்கிறார், விளங்கேல்லை" என்றான். பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று அதை மேசைக்குக் கொண்டுவந்தோம்.

ஒப்புநோக்குநரின் கையெழுத்துக்குப் பழகிய எவனுக்கும் அந்தக் குறிப்புகள் அந்நியம் அல்ல. கையெழுத்து இல்லை, தட்டச்சுத்தான். ஆயினும் மொழி அதே மொழி. வசனங்கள் இல்லை. ஆங்கில எழுத்துகளில் சுருக்கங்கள், இலக்கங்கள், அடித்தல்களுக்குப் பதிலாகக் கோடுகள். ஏழாவது ஈட்டில், ஊறிய வெப்பம் என்ற இடத்தில் 67 என்று எழுதி, பக்கத்தில் 65 என்று இட்டு, அதன் முன்னால் 'ஸ்டெற்' என்று எழுதியிருந்தார். மகன் அதை ஏதோ ஒரு மதுவத்தின் பெயர் என்று நினைத்திருந்தான். அது இலத்தீன் சொல். அச்சுப்படியில் ஒன்றைத் திருத்திவிட்டு, திருத்தம் வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்வதற்காக ஒப்புநோக்குநர்கள் ஓரத்தில் எழுதுவது.

விடயம் அப்போது விளங்கிற்று. மென்பொருளில் தானியத்தின் வெப்பம் என்ற கட்டத்தில், அது முதலே இட்டிருந்த 20 பாகையை அவர் மாற்றவே இல்லை. தானியம் கொட்டகையில் 5 பாகையில் கிடந்தது. மென்பொருள் 73.4 பாகை நீர் என்றது. அவர் அதை ஊற்றினார். கலவை 65இல் நின்றது. முதற் சில ஈடுகளில் அதைக் குறையாகக் கருதி, கொதிநீர் விட்டு 67க்கு ஏற்ற முயன்றிருக்கிறார். ஏழாவதில் விட்டுவிட்டார். பிடித்திருந்தது. ஸ்டெற். அதன்பின் வந்த 16 ஈடுகளிலும் 65தான். ஆனாற் செய்முறைப் பக்கத்தில் 67 என்பது கடைசிவரை 67 ஆகவே இருந்தது. மகன் கவனமுள்ளவன், தன் தானியத்தின் வெப்பத்தை அளந்து 5 என்று சரியாக எழுதினான். மென்பொருள் 75.5 என்று சரியாகச் சொன்னது. கலவை 67இல் துல்லியமாக நின்றது. எல்லாம் சரியாக நடந்தபடியால் அப்பாவின் பியர் வரவில்லை.

மற்றொன்று அந்தப் பழகிய வாசம். செய்முறையில் 'மண்ணிறச் சீனி, 400 கிராம்' என்று இருந்தது. மகன் கடையில் மண்ணிறச் சீனி வாங்கி இட்டிருந்தான். ஈட்டுக் குறிப்புகளிலோ 'பி.கே.' என்ற இரண்டு எழுத்துகள் பல இடங்களில் வந்தன. இதையும் மகன் வேறு விதமாக விளங்கியிருந்தான். கே என்பது பொற்றாசியத்தின் குறியீடு என்பதால், நீரைச் சுத்திகரிக்க இடும் பொற்றாசிய உப்பு ஏதோ என்று நினைத்து, தன் நீருக்கு அது தேவையில்லை எனத் தள்ளிவிட்டான். பதினொன்றாம் ஈட்டில், 'பி.கே. முடிந்தது, பாதி கடைச்சீனி, சுவை மட்டம்' என்று ஒரு வரி. பொற்றாசியம் முடிந்ததற்குச் சீனி போடுவார்களா?

நண்பரின் மனைவி அதுவரை குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். "அது பனங்கட்டி அண்ணை. ஸ்காபரோவில தமிழ்க் கடையில குட்டான் குட்டானா வாங்கிக்கொண்டு வருவார். எனக்கெண்டு நினைச்சன், எல்லாம் கீழ போச்சு" என்றார்.

மென்பொருளின் பொருட்பட்டியலில் பனங்கட்டி இல்லை. பெல்ஜியக் கற்கண்டு இருந்தது, மேப்பிள் பாகு இருந்தது, தேன் இருந்தது. இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்க்கும் வசதியும் அதில் இருந்தது. அவர் அதை நாடவில்லை. கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் மண்ணிறச் சீனியைத் தெரிவுசெய்து, உண்மையைக் குறிப்பில் எழுதிவைத்தார். தன்னீர்ப்புக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய பேதம் இல்லை என்பதால் இலக்கங்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாவு காட்டிக்கொடுத்தது. வெளியே அனுப்பிய கோப்பில் பனை மரத்தின் சாயல்கூட இல்லை.

அன்றிரவு 23 ஈடுகளின் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து, சாதாரண எழுத்துக் கோப்பில் தட்டச்சு செய்தோம். நான் வாசிக்க அவன் தட்டினான்; பின் அவன் வாசிக்க நான் ஒப்பு நோக்கினேன். பழைய வழக்கம். விடியற்காலை மூன்று மணியானது. மறுநாள் அச்சிட்டு ஒரு கோப்புறையில் இட்டான். பனங்கட்டியைத் தன் மென்பொருளில் புதிய பொருளாகச் சேர்த்தான். ஊறும் வெப்பத்தை 65 என்று மாற்றினான். மாற்றும்போது, தகப்பனின் 67ஐ அழிக்க மனமின்றி, அந்தச் செய்முறையைப் பிரதி எடுத்துவிட்டுப் பிரதியில்தான் கைவைத்தான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இத்தகைய மென்பொருள் பாவிப்பவர்களாக இருந்தால் ஒரு வேண்டுகோள். செய்முறையை ஏற்றுமதி செய்துவிட்டு எல்லாம் காப்பாற்றியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். ஈடுகளின் குறிப்பு வெளியே வருகிறதா, வந்தால் அந்த மென்பொருள் இல்லாமலே வாசிக்கக்கூடியதாக வருகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இணையத்தில் இருக்கும் சேவைகளுக்கும் இது பொருந்தும். சந்தா நிற்கும் நாளில் கணக்கும் நிற்கலாம். பட்டியலில் இல்லாத பொருளை அதன் சொந்தப் பெயரிலேயே எழுதுங்கள். குரக்கன் என்றால் குரக்கன், கருப்பட்டி என்றால் கருப்பட்டி. இன்றைய மென்பொருள்கள் தமிழ் எழுத்தை ஏற்கின்றன. 2004இல் அவருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

2019 ஜனவரியில் மகன் மறுபடி காய்ச்சினான். தொடக்கம் 1.055, பதினாறாம் நாளில் 1.013இல் நின்றது. தாயாருக்கு ஒரு போத்தலைத் திறந்து கொடுத்தபோது அவர் மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார் என்று தொலைபேசியிற் சொன்னான். குடிக்கவில்லையா என்று கேட்டேன். பிறகு வந்து அரைக் கிளாஸ் குடித்தாராம். பனங்கட்டி இன்னும் கொஞ்சம் போடலாம் என்றாராம்.

குறிப்புகளில் ஒரு சுருக்கம் மட்டும் இன்றுவரை அவிழவில்லை. ஒன்பதாம், பதினான்காம், இருபதாம் ஈடுகளில், போத்தலில் அடைத்த நாளுக்குப் பக்கத்தில் 'கே.சி.' என்று இருக்கிறது. அச்சுக்கூட மொழியில் அப்படி ஒன்று எனக்கு நினைவில்லை. தாயாருக்கும் தெரியவில்லை. மூன்று ஈடுகளின் சுவைக் குறிப்பிலும் ஒரே சொல்தான் இருக்கிறது, நன்று என்று.